ரகசியம் வெளிப்பட்ட பிறகு

நம் வட்டத்தில் மாத நாவல் என்பது ஒரு வசைச்சொல். ஒருவர் எழுதியதைத் தீர்த்துக்கட்ட வேண்டுமென்றால் ‘ரமணிசந்திரன் மாதிரி இருக்கிறது’ என்று சொன்னால் போதும். மேற்கொண்டு விவாதம் தேவையில்லை. 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு அகிலனுக்கு அறிவிக்கப்பட்டபோது சுந்தர ராமசாமி எழுதிய எதிர்ப்பின் பின்னால் ஒரு வாசிப்பு இருந்தது. அகிலனைப் படித்துவிட்டு அவர் மறுத்தார். அவர் வழி வந்தவர்களாகச் சொல்லிக்கொள்ளும் நாம் அட்டையைப் பார்த்தே மறுத்துவிடுகிறோம். இதற்கு ரசனை என்று பெயரில்லை. ஆசாரம் என்று பெயர்.

சென்ற இரண்டு வருஷங்களில் இந்த ரக நாவல்கள் அறுபதுக்கு மேல் படித்திருக்கிறேன். சேர்வராயன் மலையில், வாழவந்தியில் குடியிருப்பவனுக்கு, பாங்க் வேலை முடிந்து இருட்டிய பிறகு, படிப்பதைத் தவிரச் செய்வதற்கு அதிகமில்லை. சேலத்து வாடகை நூலகம் ஒன்றிலிருந்து மொத்தமாக எடுத்து வருவேன். மூன்று நாவல்களைச் சேர்த்துத் தைத்து அட்டை போட்ட கட்டுகள். ரமணிசந்திரன், முத்துலட்சுமி ராகவன், அவர்களைத் தொடர்ந்து எழுதுகிற, பெயர் மனசில் தங்காத பலர். இன்று இதே கதைகள் கைப்பேசியில் தினம் ஓர் அத்தியாயமாக வருகின்றன, சட்டகம் மாறவில்லை. இவற்றைத் தரம் பிரிப்பது என் நோக்கமில்லை. இந்தத் தம்பதிகளுக்கு நடுவே நாவல் முழுவதும் நிற்கிறதே ஒரு குடும்ப ரகசியம், அது எப்படிப்பட்டது, அது வெளிப்பட்ட பிறகு என்ன நடக்கிறது என்ற ஒரு விஷயத்தை மட்டும் பார்க்கிறேன்.

சட்டகம் எளியது. நிர்ப்பந்தத்தில் ஒரு கல்யாணம்: அக்கா மறுத்த மணையில் தங்கை, அல்லது தாத்தாவின் உயில், அல்லது அப்பா பட்ட கடன். கணவன் பணக்காரன், அழகன், கடுகடுப்பானவன். முதலிரவிலேயே அவளைச் சொல்லால் அடிக்கிறான். காரணம் அவன் குடும்பத்தில் புதைந்து கிடக்கிறது. ஓடிப்போன அம்மா, ஏமாற்றப்பட்ட அப்பா, யாருடையது என்று சொல்லப்படாத ஒரு குழந்தை. அவளிடமும் ஒரு ரகசியம் உண்டு, எப்போதும் வேறு யாரையோ காப்பாற்றுவதற்காக. நூற்றைம்பது பக்கம் சந்தேகம், கண்ணீர், ஒரு காய்ச்சல், ஒரு மழை. கடைசி இருபது பக்கங்களில் எல்லாம் வெளிப்படுகிறது. அம்மா ஓடிப்போகவில்லை, துரத்தப்பட்டாள். குழந்தை செத்துப்போன தங்கையுடையது. துரத்திய பாட்டி இப்போது உயிரோடில்லை. இருந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து மன்னிப்புக் கேட்கிறாள். கணவன் இத்தனை நாள் செய்ததற்கு ‘தவறாகப் புரிந்துகொண்டுவிட்டேன்’ என்று பெயர் கிடைத்துவிடுகிறது. கொடுமை ஒரு கருத்துப் பிழையாகச் சுருங்குகிறது.

இந்த நாவல்களின் ஆதார விதி இதுதான் என்று நினைக்கிறேன்: ரகசியம் வெளிப்படும்போது யாருக்கும் எதுவும் செலவாவதில்லை. சொத்து குறைவதில்லை, உறவு முறிவதில்லை. யாரும் தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணத்தை இழப்பதில்லை.

இந்த மாதிரி ரகசியம் நம் வீட்டுச் சரக்கில்லை. ரெயினால்ட்ஸின் ஆங்கில மர்ம நாவல்களை ஆரணி குப்புசாமி முதலியார் தமிழில் தழுவி எழுதிக் குவித்த காலத்தில் கப்பலில் வந்து இறங்கியது. வடுவூர் துரைசாமி ஐயங்காரிடமும், 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்திய வை. மு. கோதைநாயகியிடமும் அது வளர்ந்தது. அந்த நாவல்களில் ரகசியம் ஸ்தூலமானது: பொய் உயில், மாறு வேஷம், ஆள் மாறாட்டம். கண்டுபிடித்தால் ஒருவன் ஜெயிலுக்குப் போவான். பிற்பாடு அது அலமாரியிலிருந்து ஆணின் நெஞ்சுக்குள் குடிபெயர்ந்தபோது போலீஸ்காரனை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

நம் வீட்டுச் சரக்கு எப்படி இருக்கும் என்பது ராஜமய்யருக்குத் தெரிந்திருந்தது. 1893இல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடங்கிய அவருடைய நாவலுக்கு ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்று பெயர். பெயரிலேயே அபவாதம். மனைவி மேல் விழுந்த பழிச்சொல்லைக் கேட்டுக் கணவன் வீட்டைவிட்டுப் போகிறான். கடைசியில் பழி பொய்யென்று தெரிகிறது, இருவரும் சேருகிறார்கள். கதையை இப்படிச் சொன்னால் மாத நாவலேதான். வித்தியாசம் இரண்டு. வம்பர் மகாசபை நடக்கிற ஊரில் எதுவும் ரகசியமாக இருக்க முடியாது. பொய்யே எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக உலவுகிறது. இரண்டாவது, உண்மை தெரிந்த பிறகு முத்துஸ்வாமி அய்யர் பழைய முத்துஸ்வாமி அய்யராகத் திரும்பி வரவில்லை. சொத்தும் போய், சொத்து வைத்திருந்த மனிதனும் போய், வேறொருவராகத்தான் கமலாம்பாளிடம் வந்து சேருகிறார்.

காதல் நாவலின் ஆங்கில மூலத்தையும் பார்க்கலாம். பி.ஏ.யில் ‘ஜேன் அயர்’ படித்தவர்களுக்குத் தெரியும்: ராச்செஸ்டரின் மாளிகையில், மாடியறையில், பித்துப் பிடித்த முதல் மனைவி பூட்டப்பட்டிருக்கிறாள். 1847இல் ஷார்லட் ப்ராண்ட்டி இந்த ரகசியத்துக்கு விலை வைத்தாள். வீடு எரிகிறது, முதல் மனைவி சாகிறாள், ராச்செஸ்டர் கண்ணையும் ஒரு கையையும் இழக்கிறான். 1908இல் ஆரம்பித்த மில்ஸ் அண்ட் பூன் கம்பெனியின் புத்தகங்களும், அவற்றின் தமிழ்ச் சகோதரிகளும், மாடியறையை எடுத்துக்கொண்டன, தீயை விட்டுவிட்டன.

1966இல் இரண்டு நாவல்கள் வந்தன. ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே காரியத்தைச் செய்தவை. ஜீன் ரீஸ் ‘வைட் சர்காஸோ ஸீ’யில் அந்த மாடியறைப் பெண்ணின் பக்கம் நின்று, அவள் பித்தான கதையை எழுதினாள். ஜானகிராமன் ‘அம்மா வந்தா’ளில் மாடியறையே இல்லாத வீட்டைக் கட்டினார். சிவசு பட்டப்பகலில் வீட்டுக்கு வந்து போகிறான். தண்டபாணிக்குத் தெரியும். குழந்தைகளுக்குத் தெரியும். பதினாறு வருஷம் காவேரிக் கரையில் வேதம் படித்துவிட்டுத் திரும்பி வரும் அப்புவுக்கு மட்டும் தெரியாது. அவனுக்குத் தெரிய வரும்போது யாரும் எதையும் ‘வெளிப்படுத்துவ’தில்லை. நம் குடும்பத்தில் ரகசியம் என்பது எல்லோருக்கும் தெரிந்தும் கூடத்தில் வைத்துப் பேசப்படாத விஷயம். அதைப் பேசாமல் வைத்திருப்பதற்குத் தினமும் யாராவது கப்பம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அலங்காரம் கட்டினாள். பிராயச்சித்தமாக ஒரு பிள்ளையை வேதத்துக்குக் கொடுத்தாள். அவனும் தன் வழியில் போனதும் காசிக்குப் போனாள்.

பாங்க் குமாஸ்தாவாக இந்தக் கப்பத்தை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். வேலைக்குச் சேருகிற அன்று விசுவாசத்துக்கும் ரகசியக் காப்புக்கும் உறுதிமொழி எழுதிக் கொடுக்கிறோம். ஆகவே பொதுவாகத்தான் சொல்ல முடியும். நகைக்கடன் கவுண்டரில் வந்து நிற்கிற தம்பதிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை. மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்து, நிறுத்து, கல்லுக்குக் கழித்துக்கொண்டு, ஒரு எண்ணைச் சொல்கிறார். சில சமயம் மனைவி தனியாக வருவாள், மாமியாருக்குத் தெரியாது. சில சமயம் கணவன் தனியாக வருவான். அடுத்த கல்யாண வீட்டுக்குக் கழுத்தில் கவரிங். உறவினர்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டு வேறு எதையோ பேசுவார்கள். தவணை தவறினால் ஒரு நாள் ஏல அறிவிப்பு பதிவுத் தபாலில் வீட்டுக்குப் போகிறது. எங்களூர்ப் பக்கத்து உச்சகட்டக் காட்சி அதுதான். அந்த ரகசியத்துக்கு கிராம் கணக்கில் எடை உண்டு.

நான் படித்த அறுபது நாவல்களில் நகையை அடகு வைத்த ஒரு தம்பதிகூட இல்லை. கடன் இல்லாமலில்லை. கதாநாயகியின் அப்பாவுக்குக் கடன் இருக்கிறது. நாயகன் ஒரே செக்கில் அதைத் தீர்க்கிறான். வட்டி என்பதை யாரும் கேள்விப்பட்டதில்லை.

எஸ்டேட்டும் அப்படித்தான். நாயகர்களில் பலருக்கு மலையில் எஸ்டேட் உண்டு. ஊட்டி, கொடைக்கானல், சில சமயம் எங்கள் ஏற்காடு. மூடுபனி தம்பதிகளைக் கணப்பருகே நெருங்கி உட்கார வைக்க வருகிறது. இங்கே இருப்பவர்களுக்கு மூடுபனி என்றால் துணி காயாது, பறித்த காப்பி காயாது. இந்த மலையில் காப்பி 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்தது. அதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்தவர்கள் மலையாளி என்று அழைக்கப்படும் மலைவாழ் மக்கள். அவர்களில் பலர் இன்று அடுத்தவர் எஸ்டேட்டில் சில்வர் ஓக் நிழலில் காப்பி பறித்து, மரத்தில் ஏறிய மிளகைப் பறித்துக் கூலி வாங்குகிறார்கள். எஸ்டேட் பங்களாவில் தோண்டி எடுக்கத்தக்க குடும்ப ரகசியம் ஒன்று உண்டென்றால், நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு என்ன விலைக்கு வந்தது என்பதுதான். நாயகி பீரோவைத் திறந்து பழைய கடிதத்தைத்தான் எடுக்கிறாள். கீழே இருக்கிற பத்திரத்தை அவள் பார்ப்பதில்லை. வாழவந்தி என்ற பெயர் எப்படி ஏற்பட்டதோ, மாத நாவல் படித்த காதுக்கு அது ‘வாழ வந்தவள்’ என்று கேட்கிறது. வாழ வந்தவளுக்கு வீட்டின் கணக்கைக் காட்டுகிற வழக்கம் எந்தத் தமிழ்க் குடும்பத்தில் இருக்கிறது?

இத்தனைக்குப் பிறகும் இவற்றைப் படிக்கிற பெண்ணைப் பேதை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் காதல் நாவல் படிக்கும் பெண்களோடு பேசி ஜானிஸ் ராட்வே 1984இல் ஒரு புத்தகம் வெளியிட்டாள். அந்தப் பெண்கள் கதையைவிடப் படிக்கிற நேரத்தையே பெரிதாக மதித்தார்கள். புத்தகம் கையில் இருக்கும்வரை புருஷனும் பிள்ளைகளும் கூப்பிடக் கூடாது. எல்லோரையும் பராமரிக்கிறவளை, கதைக்குள்ளாவது, ஒருவன் பராமரிக்கிறான். ராட்வேயின் முடிவு கறாரானது: இது ஒரு சிறிய எதிர்ப்பு, ஆனால் அந்த எதிர்ப்பு புத்தகத்துக்குள்ளேயே தீர்ந்துபோகவும் கூடும்.

என் வாடகை நூலகக் கட்டு ஒன்றில், நாயகன் அவளைக் கைநீட்டி அடிக்கிற பக்கத்தின் ஓரத்தில், பால்பாயிண்ட் பேனாவில் யாரோ ‘இவனை மன்னிக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தாள். அதன் கீழே வேறொரு கையெழுத்தில், ‘மன்னிப்பாள்’. இந்த இரண்டு வரியில் இருக்கிற விமர்சனம் நாம் இவ்வகை நாவல்கள் பற்றிச் சொன்ன எதிலும் இல்லை. முதல் வாசகிக்கு நியாயம் தெரிந்திருக்கிறது. இரண்டாமவளுக்கு இலக்கிய வகையின் விதி தெரிந்திருக்கிறது. இருவரும் தொடர்ந்து படித்திருக்கிறார்கள். வாழ்க்கையில் விளக்கம் தராத ஆண், இங்கே கடைசி இருபது பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்கிறான். பொய்யான விளக்கம்தான். ஆனால் சொல்கிறான்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். 1970களிலும் 80களிலும் சிறுபத்திரிகைகளில் வந்த கதைகளை எடுத்துப் பாருங்கள். ஜன்னலோரத்தில் ஒரு கணவன் நிற்கிறான். அவனுக்குள் சொல்ல முடியாத ஏதோ ஒன்று: வெறுமை, அந்நியமாதல், பிரக்ஞையின் சுமை. மனைவி வந்து ‘காப்பி கலக்கட்டுமா?’ என்கிறாள். கதை முழுக்க அவளுக்குக் கிடைத்த வசனம் இதுதான். அவனுடைய ரகசியத்துக்கும் அவன் எதையும் விலையாகக் கொடுப்பதில்லை; டம்ளரோடு நிற்கிறவள்தான் கொடுக்கிறாள். மாத நாவல் நாயகனாவது மன்னிப்புக் கேட்கிறான். நம் நாயகன் கவிதை எழுதுகிறான். இதைத் தரமான எழுத்து என்றும் அதை வியாபாரம் என்றும் பிரித்த நாம், இரண்டு வீட்டிலும் கணக்குப் புத்தகம் ஒரே ஆள் கையில் இருப்பதைக் கவனிக்கவில்லை.

அளவுகோல் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. 1943இல் புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ எழுதினார். அகலிகை கோதமன் தாம்பத்தியத்தில் ரகசியமே கிடையாது. நடந்தது உலகத்துக்கே தெரியும். மன்னிப்பும் கிடைத்துவிட்டது. மாத நாவல் முடிகிற இடத்தில் இந்தக் கதை தொடங்குகிறது. மன்னிக்கப்பட்டவள் மறுபடி குடித்தனம் நடத்த முடியுமா, ஊர் விடுமா, கோதமனால் தன் மனசை நம்ப முடியுமா என்று ஒவ்வொரு நாளாகப் பார்க்கிறது. பிறகு சீதை வந்து, தன்னைத் தீக்குளிக்கச் சொன்னதைச் சொல்கிறாள். அகலிகை மறுபடி கல்லாகிறாள். மன்னிக்கிறவனுக்கும் மன்னிக்கப்படுகிறவளுக்கும் ஒரே நியாயம் இல்லை என்று தெரிந்த பிறகு, அவள் கொடுக்க வேறெதுவும் மிச்சமில்லை.

இந்தக் கதையை எண்பது வருஷத்துக்கு மேலாக நமக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டிருக்கிறோம். அந்த வாடகை நூலகத்துக் கட்டுகளில், மூன்று நாவல்களுக்கு நடுவே, இதையும் சேர்த்துத் தைக்க யாருக்கும் தோன்றவில்லை. ‘மன்னிப்பாள்’ என்று எழுதிய அந்தக் கை இதன் ஓரத்தில் என்ன எழுதும் என்று அறிய எனக்கு ஆசை.