திரைவழி மனநலப் பயிற்சி: ஒரு திறனாய்வு

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்தைக் கடந்து தெற்கே சென்றால், மயிலத்திற்குச் சாலை பிரியும் இடம் கூட்டேரிப்பட்டு. இவ்வட்டாரத்துச் சபை ஊழியர், தொண்டு நிறுவனப் பணியாளர், மகளிர் குழுத் தலைவியர் ஆகியோருள் சிலர் அண்மைக் காலத்தில் கைபேசியின் வாயிலாகவே மனநலப் பயிற்சியும் போதை மீட்புப் பயிற்சியும் பெற்றுச் சான்றிதழ் வைத்திருப்பதைக் காண்கிறோம். கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் வேறு வழியின்றித் தொடங்கிய பழக்கம் இன்று தானே வழியாகிவிட்டது. இப்பயிற்சிகள் எதைக் கற்பிக்கின்றன, எதைக் கற்பிக்காமல் விடுகின்றன என்று ஆராய்வது போதகர்களாகிய நமக்குக் கடமையாகிறது. ஏனெனில், பயிற்சி பெற்றவர் முதலில் வந்து நிற்பது நமது ஆலய வாசலில்தான்.

தேவை இல்லை என்று எவரும் கூறார். 2015–16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, மதுவினால் நோயுற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 86 பேர் சிகிச்சை எதுவும் பெறவில்லை என்று கண்டது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் செய்த கொடுமையை நாம் அறிவோம். கள்ளக்குறிச்சி நிகழ்வில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் சாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நோயாளிகள். அவர்களிடம் அதைப்பற்றிப் பேச ஒருவரும் செல்லவில்லை. மனநல மருத்துவர் ஊர்தோறும் கிடைக்கப்போவதில்லை. ஆகவே மற்றவரைப் பயிற்றுவிக்க வேண்டும். தொலைவிலிருந்து பயிற்றுவிக்கவும் வேண்டும்.

தொலைவிலிருந்து கற்பித்தல் இறையியல் கல்விக்குப் புதிதன்று. 1963இல் குவாதமாலாவில் தோன்றிய விரிவாக்க இறையியல் கல்வி, 1970களின் தொடக்கத்தில் நம் நாட்டிற்கும் வந்தது. அக்கல்வியை விளக்க டெட் வார்டு என்பவர் ஒரு வேலியை உவமையாகக் காட்டினார். மேற்சட்டம் நூலறிவு, கீழ்ச்சட்டம் களப்பணி, இவ்விரண்டையும் தாங்கும் நடுகற்கள், ஆசிரியரும் மாணவரும் முகமுகமாய்க் கூடும் கூட்டங்கள். நடுகல் இல்லையேல் சட்டங்கள் தரையில் கிடக்கும். திரைவழிப் பயிற்சிகளை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் நமக்குத் தோன்றவில்லை.

இவ்வளவுகோலால் அளந்தால், எல்லாப் பயிற்சிகளையும் ஒரே தட்டில் வைக்க இயலாது என்பது விளங்கும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் கைக்கொண்டுள்ள 'எக்கோ' முறை ஒரு வகை. 2003இல் நியூ மெக்ஸிகோவில் கல்லீரல் நோய்க்காக மருத்துவர் சஞ்சீவ் அரோரா தொடங்கிய முறை இது. இதில் வல்லுநர் விரிவுரையாற்றி விலகுவதில்லை. தொலைவிலுள்ள பணியாளர் தாம் சந்தித்த நோயாளியின் நிலையைப் பெயர் மறைத்து முன்வைக்கிறார். வல்லுநரும் பிற ஊர்ப் பணியாளரும் வினவுகின்றனர். அடுத்த கூட்டத்தில் அவர் மீண்டும் வருகிறார். திரையே நடுகல் ஆகிறது. இதனை மனமாரப் பாராட்டுகிறோம்.

மற்றொரு வகை, பதிவுசெய்த காணொலி சிலவற்றைப் பார்த்து, நான்கு விடைகளுள் ஒன்றைத் தொட்டு, இறுதியில் சான்றிதழை இறக்கிக்கொள்ளும் வகை. பரவலாக இருப்பது இதுவே. (காணொலியை ஓடவிட்டுச் சமையலறைக்குப் போய்வந்ததாக ஓர் ஊழியர் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நாமும் சிரித்தோம், பின்னர் சிரிப்பு நின்றுவிட்டது.) இதில் மேற்சட்டம் உண்டு. கீழ்ச்சட்டம் அவரவர் பாடு. நடுகல் அறவே இல்லை.

அது இல்லாததால் விளைவதென்ன? நாம் கண்ட ஒன்றைக் கூறுகிறோம். ஒரு சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம். பல்லாண்டு நாள்தோறும் குடித்துவந்த ஒருவர் முதல்நாள் மாலை பொருத்தனை செய்து குடியை அறவே விட்டார். சபையார் மகிழ்ந்தனர். மறுநாள் கைந்நடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சி ஊர்கிறதென்று கூவினார். மனைவியை அடையாளம் காணவில்லை. சான்றிதழ் பெற்ற ஊழியர் ஒருவர் அருகில் இருந்தார். அவரும் மற்றவரைப்போல் அசுத்த ஆவி என்றே எண்ணினார். விடியும்வரை ஜெபித்தனர். மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது, இன்னும் சில மணிநேரம் தாமதித்திருந்தால் உயிர் தப்பியிராது என்று மருத்துவர் கூறினார்.

இது ஆவியின் செயலுமன்று, விசுவாசக் குறைவுமன்று. பழகிய உடலிலிருந்து மது திடீரென நீங்கினால் முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள்வரை நடுக்கமும் பிதற்றலும் பொய்க்காட்சியும் தோன்றலாம். 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்பது இதன் பெயர். சிகிச்சையின்றிச் சாவும் நேரும். தக்க மருந்தும் தையமின் என்னும் உயிர்ச்சத்தும் உரிய வேளையில் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர். அவ்வூழியர் இதனைப் பாடத்தில் படித்திருந்தார். வினாவுக்குச் சரியான விடையும் தொட்டிருந்தார். படித்தது நள்ளிரவில், கூவும் மனிதனுக்கு முன், சபையார் நடுவில் நினைவுக்கு வரவில்லை. அவரைக் குறைகூறோம். அவரது ஐயத்தைக் கேட்க அந்நேரத்தில் ஒருவரும் இல்லை. 14416 என்னும் டெலி மானஸ் எண், 2022 அக்டோபர் முதல் நாடெங்கும் இரவும் பகலும் இயங்குவது, அவருக்குத் தெரியாது.

கோவாவில் 2017இல் வெளியான ஆய்வொன்று இங்கு நினைக்கத்தக்கது. மருத்துவரல்லாத சாதாரண மக்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த குடிநோயாளரோடு நான்கு முறைக்கு மிகாமல் உரையாடினர்; குடியிலிருந்து விலகியோர் தொகை கூடிற்று. இதனைக் காட்டி, 'யாவரும் ஆலோசகராகலாம்' என்று சிலர் முழங்குகின்றனர். அவர்கள் ஆய்வின் மறுபாதியை வாசிப்பதில்லை. அவ்வாலோசகர் தம் உரையாடல்களைப் பதிவுசெய்து, ஒருவர் பணியை மற்றவர் கேட்டு, மதிப்பெண் இட்டுத் திருத்திக்கொண்டனர். மிகக் கடுமையாகக் குடிக்கு அடிமைப்பட்டோர் அவர்களிடம் விடப்படவில்லை. எல்லை அறிந்ததே அப்பயிற்சியின் வெற்றி. குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்த சமாரியன், அவனைச் சத்திரக்காரனிடம் ஒப்புவித்ததையும், திரும்பி வருவதாகச் சொன்னதையும் நாம் போதுமான அளவு பிரசங்கிப்பதில்லை.

மொழியைப்பற்றியும் சிறிது கூறவேண்டும். இப்பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உருவாகிப் பின்னர் தமிழாகின்றன. 'மனச்சோர்வு' என்று கேட்டால் மயிலம் பக்கத்து மூதாட்டிக்கு விளங்காது. 'நெஞ்சு அடைக்குது', 'ராத்திரி கண்ணு மூடல', 'எதுக்குப் பொறந்தோம்னு இருக்கு' என்பதே அவர் பேச்சு. இவற்றைக் கேட்டுப் பொருள் கொள்ளும் செவி காணொலியால் அமைவதில்லை. 1925இல் ஆன்டன் பாய்சன் இறையியல் மாணவரை மாசசூசெட்ஸ் மாநிலத்து வுஸ்டர் மனநோய் மருத்துவமனைக்குள் அழைத்துச் சென்றது இச்செவிக்காகவே. அவர் தாமே மனநோயாளியாய் மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கச் செய்யும் முறையைக் கையாண்டு வருவதும் இவ்வகையில் கற்கத்தக்கது.

ஆகவே கைபேசிப் பயிற்சியை ஒதுக்கச் சொல்லவில்லை. நடுகல்லைச் சபை நாட்டட்டும் என்கிறோம். பயிற்சி பெற்ற ஏழெட்டுப் பேர் இரு வாரத்திற்கு ஒருமுறை கூடி, தாம் கண்டவற்றைப் பெயரின்றிப் பேச வேண்டும். அதே நெடுஞ்சாலையில் தெற்கே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது; அங்குள்ள மனநலப் பிரிவினரோடு தொடர்பு வைத்தால், யாரை எப்பொழுது அனுப்புவது என்று கேட்டறியலாம். இதற்குப் பெருஞ்செலவில்லை. பேருந்துக் கட்டணமும், தேநீரும், ஓர் அறையும் போதும். நாம் அறிந்த ஆலயங்கள் பலவற்றில் ஞாயிறு பள்ளிக்கான அறை வாரத்தில் ஆறு நாளும் பூட்டிக் கிடக்கிறது.