கடற்கன்னியின் கூற்று

திரினிடாட்டில் பிறந்த மோனிக் ரோஃபி 2020-இல் வெளியிட்ட ஆங்கில நாவல் ‘கருஞ்சங்குத் தீவின் கடற்கன்னி’ என்னும் பொருள்படும் பெயருடையது; கரிபியன் பழங்கதை ஒன்றின் மறுவாழ்வு அது. பெண்டிரின் பொறாமைச் சாபத்தால் மீனுருப் பெற்ற தைனோ குலமகள் ஐக்காயியா, 1976-இல் அமெரிக்கரின் தூண்டிலில் சிக்குகிறாள். மீனவன் டேவிட் அவளை மீட்கிறான்.

நாவலின் சிறப்பு அதன் கூற்றுமுறையில் உளது. டேவிட் நாட்குறிப்பாகப் பேசுகிறான். கதைமாந்தரைப் படர்க்கையில் காட்டுவது ஆசிரியர் கூற்று. ஐக்காயியாவின் மொழியோ கவிதை. ஐரோப்பியர் வருகையால் சிதைந்த ஓர் இனத்தின் குரல் அதில் ஒலிக்கிறது. அவளுக்கு ஆங்கிலம் கற்பிப்பவள் நிலவுடைமைக் குடும்பத்து வெள்ளை மாது. செவிப்புலனற்ற அம்மாதின் மகனோ கைச்சைகையாலேயே அவளுக்குத் தோழனாகிறான். மொழியை இழந்தாள் பெற்ற இவ்விரு மொழிகளுள் எது உரிமை, எது இரவல் என்னும் வினாவே நூலின் உயிர்.

வேட்டையாடிய அமெரிக்கரை ஒற்றை வண்ணத்தில் தீட்டியது குறையே. எனினும், பழங்கதையைப் புதுக்க விழைவோர்க்கு இந்நூல் நல்லதொரு வழிகாட்டி.