டூரர் வரைந்த புல்தரை: ஓர் அறிவியல் மதிப்பீடு

புல் என்று ஒரே சொல்லில் கூறிவிடுகிறோம். ஒரு புல்தரையின் முன் நிறுத்தி, "இதில் எத்தனை வகைப் புற்கள் உள்ளன?" என்று கேட்டால், தாவரவியல் பயின்றவர்கூடச் சற்றுத் தயங்குவார். இக்கேள்விக்கு ஓர் ஓவியத்தில் விடை தேடலாம் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும்.

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகர ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் 1503-இல் தீட்டிய 'பெரிய புல்தரைத் துண்டு' என்ற நீர்வண்ணப் படமே அது. இன்று வியன்னாவிலுள்ள ஆல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர்தான் பெரிது, படத்தின் உயரம் சுமார் 40 செ.மீ., அகலம் 31 செ.மீ. மட்டுமே. மனிதர் இல்லை, மாளிகை இல்லை. ஈர மண்ணும் சில களைகளும் புற்களுமே உள்ளன. பார்வையோ தரையோடு தரையாகக் கிடக்கும் ஒரு சிற்றுயிரின் பார்வை.

தாவர அறிஞர்கள் இதில் மூன்று புல்லினங்களை அடையாளம் காண்கின்றனர்: மேற்கத்தியப் புல்தரைகளில் பெரிதும் விதைக்கப்படும் கெண்டகி நீலப்புல், படர்ந்து செல்லும் பென்ட் புல், கொத்தாக வளரும் காக்ஸ்ஃபுட். லின்னேயஸ் இம்மூன்றுக்கும் இரட்டைப் பெயர் சூட்டியது 1753-இல். அதாவது, பெயர் வருவதற்கு 250 ஆண்டுகள் முன்னரே ஓர் ஓவியரின் கண் இவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டது!

"புகைப்படம் போல் துல்லியம்" என்று இப்படத்தைப் புகழ்வதுண்டு. இப்புகழ்ச்சி பொருந்தாது. இவ்வளவு அருகிலிருந்து ஒரு காமிரா எடுத்தால், ஒரு சில புற்களே தெளிவாக விழும். முன்னும் பின்னும் மங்கிவிடும். ஒளியியல் படித்த மாணவர் இதை அறிவர். டூரரோ ஒவ்வொரு தாளையும் தனித்தனியே நோக்கி, பிறகு ஒன்று சேர்த்திருக்கிறார். படத்தின் சிறப்பு இந்தத் தேர்ந்த நோக்கில்தான் இருக்கிறது.

குறையும் உண்டு. படத்தில் புற்களைப் பிரித்தறிய நமக்குப் பெரிதும் உதவுவன அவற்றின் பூங்கொத்துகள். ஆனால் வெட்டிப் பராமரிக்கும் புல்தரையில் பூங்கொத்துக்கு இடமேது? 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரத்தை உருவாக்கிய பின், அந்த அடையாளம் தரையிலிருந்து மறைந்தே போயிற்று. ஆகவே அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். இலை தண்டை விட்டு விலகும் இடத்தில் நாக்குப் போன்ற மெல்லிய சவ்வு இருக்கும். அது நீலப்புல்லில் மிகக் குட்டை. பென்ட் புல்லில் நீளம். நீலப்புல்லின் இலை நுனி படகின் முனை போலிருக்கும். அதன் இளந்தளிர் மடிந்திருக்கும். பென்ட் தளிரோ சுருண்டிருக்கும். நெருங்கி நிற்கும் தண்டுகளுக்கிடையே இச்சவ்வைத் தேடுபவருக்கு டூரர் படம் கைகொடுக்காது.

இந்த வேறுபாட்டை அறிவதால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பராமரிப்பே இதைப் பொறுத்தது. பென்ட் புல்லைக் கோல்ஃப் மைதானங்களில் 3, 4 மி.மீ. உயரத்துக்குக்கூட வெட்டுகிறார்கள், அது தாங்கும். நீலப்புல்லை அப்படி வெட்டினால் நலிந்துவிடும். அதற்கு 5 முதல் 7 செ.மீ. வேண்டும். எதுவாயினும் ஒரு முறையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. காக்ஸ்ஃபுட் மேய்ச்சலுக்கு நல்லது. அழகுத் தரையிலோ திட்டுத்திட்டாக நிற்கும் களை. அதை வேரோடு பெயர்த்தெடுக்க வேண்டியதுதான்.

மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்றுண்டு. இவை குளிர்பருவப் புற்கள். 15 முதல் 24 டிகிரி செல்சியஸில் செழிப்பவை. வெப்பம் ஏறினால், கரியமில வாயுவைப் பற்ற வேண்டிய நொதி பிராணவாயுவையும் அதிகமாகப் பற்றுகிறது, உணவாக்கம் குறைகிறது. கோடையில் நீரின்றிப் பழுப்பேறும் நீலப்புல் இறந்துவிட்டதாக எண்ணி அதற்கு உரம் கொட்டுவது தவறு. அது உறங்குகிறது, மண்ணுக்கடியில் ஓடும் தண்டுகளிலிருந்து மீண்டும் துளிர்க்கும். உரத்துக்கு உகந்த காலம் அங்கே இலையுதிர் பருவம். நம் அருகம்புல்லோ கரியமில வாயுவைச் செறிவூட்டிக்கொள்ளும் வேறு வழியைக் கொண்டது. 30 டிகிரியைத் தாண்டிய வெப்பத்திலும் அது தழைக்கிறது. ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் பொருத்தக் கூடாது.

எனவே, இப்படத்தைப் புல் அடையாளக் கையேடாகக் கொள்ள வேண்டாம். பச்சைக் கம்பளமாகத் தோன்றும் ஒன்றைத் தனித்தனி உயிர்களாகக் காணப் பழக்கும் பாடமாகக் கொள்ளுங்கள். அச்சில் இப்படம் கிடைத்தால், முதலில் மூன்று புற்களையும் பிரித்துப் பாருங்கள். பிறகு ஓர் உருப்பெருக்காடியுடன் உங்கள் கல்லூரி மைதானத்தில் குனிந்து உட்காருங்கள். டூரர் காட்டாத அந்தச் சிறு சவ்வை அங்கே நீங்களே கண்டறியலாம்.