உறையில் இல்லாத பெயர்கள்

பிடித்த பாட்டு எது என்று கேட்டால் நம்ம சனங்கள் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். எந்த ஆல்பம் இல்லாமல் உன்னால் வாழ முடியாது என்று கேட்டால் முழிப்பார்கள். ரசனை இல்லாததால் அல்ல. ஆல்பம் என்பது காசு கொடுத்து வாங்கி, உறை கிழியாமல் அலமாரியில் அடுக்கி வைத்தவர்களின் சொல். சேரிக்குப் பாட்டு வந்தது குழாய் ஸ்பீக்கர் வழியாக. ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊத்தும்போது வந்தது, கல்யாணத்துக்கு வந்தது, சாவுக்கு வந்தது. யாரோ போட்டார்கள், தெருவே கேட்டது.

'உயிரோடு கலந்த இசைத்தொகுப்புகள்' என்று பத்திரிகைகளில் பட்டியல் போடுகிறவர்கள் அதைத் தனிப்பட்ட ரசனை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருடைய இசை பதிவாச்சு, யாருடையது காத்தோட போச்சு, உறைமேல் யார் பேரை அச்சடிச்சாங்க என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோனுக்குப் பாடியபோது, பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னார். தட்டு அச்சானது ஜெர்மனியில். அங்கே லேபிள் ஒட்டுகிறவனுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே. இசைக்கருவியைத் தூக்கி வந்தவர்களில் எத்தனை பேருக்கு அப்படிப் பெயர் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நானும் மூன்றைத் தேர்ந்தெடுக்கிறேன்.

முதலாவது, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' 1986-இல் வந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், உடைந்த மிக்சிக்கும் பழைய செருப்புக்கும் நடுவே அதன் ஒலிநாடா எனக்குக் கிடைத்தது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்ட தொகுப்பு; வயலின் வி.எஸ். நரசிம்மன். இதைப் பேசுகிறவர்கள் கர்நாடகமும் மேற்கும் கலந்த அழகைப் பேசுகிறார்கள். நான் ஒரு தலைப்பைப் பேசுகிறேன். 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்ற பொருளில் அதில் ஒரு இசைத்துண்டு உண்டு. கவனியுங்கள், பாக்கின் வீட்டில் அல்ல, என் வீட்டில். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்டு மேடைகளில் பாடி வந்த ஒருவர், எந்தச் சபா வாசலிலும் நின்று 'உள்ளே வரலாமா' என்று கேட்கவில்லை. உலகத்தின் பெரிய விருந்தாளியைத் தன் வீட்டுக்கு வரவழைத்து உட்கார வைத்துவிட்டார். தலித் என்ற அடையாளத்துக்குள் தன்னை நிறுத்துவதை அவர் விரும்பியதில்லை. அது அவர் விருப்பம். அவர் நமக்குத் தலைவராக வேண்டியதில்லை. 'உங்களுக்கெல்லாம் சாஸ்திரம் வராது' என்று சொன்ன வாய்க்கு அந்த இசைநாடா ஒரு பதில். அது எனக்குப் போதும்.

இரண்டாவது, கே.ஏ. குணசேகரன் பாடிய ஒலிநாடாக்கள். குறிப்பாக இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா'. இரண்டு பேரையும் நாம் 2016-இல், ஒரே வருசத்தில் பறிகொடுத்தோம். இன்குலாப் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். குணசேகரன் நாட்டார் இசையையும் நாடகத்தையும் ஆராய்ந்தவர். படித்த இரண்டு பேர் சேர்ந்து படிக்காதவனின் பேச்சில் நின்றார்கள். அந்தத் தலைப்பின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'டா'. ஊர்த்தெருவிலிருந்து சேரியைப் பார்த்தே வந்துகொண்டிருந்த விளி அது. வயசான கிழவனையும் வாடா போடா என்ற அந்த எழுத்தை, வந்த வழியே திருப்பி அடிக்கிறது பாட்டு. இலக்கணத்தில் இது விளிச்சொல், வாழ்க்கையில் கலகம். குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் கெஞ்சல் கிடையாது, அனுதாபம் கேட்கிற குழைவு கிடையாது. கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் கேட்கட்டும் என்று பாடிய குரல். இசை விமர்சகர்கள் இதை 'பிரச்சாரம்' என்று ஒதுக்குவார்கள். கடவுளிடம் முறையிட்டால் கீர்த்தனை, மனுசனிடம் முறையிட்டால் பிரச்சாரமா?

மூன்றாவது, 2019-இல் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்த 'தெருக்குறள்'. அதற்கு முந்தின வருசம், 2018 ஜனவரி 6 அன்று, கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. பத்தொன்பது பேர். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். கானாவும் பறையும் சட்டியும் கிட்டாரும் ஒரே மேடையில் சமமாக நின்றன. அந்த மேடையிலிருந்து வந்தவர்தான் அரக்கோணத்துக்காரர் அறிவு. 'கம்ப்யூட்டர் தாளம், இது நம்ம இசையா' என்று நம்மவர்களே கேட்கிறார்கள். ஹார்மோனியம் மட்டும் நம்ம ஊரில் முளைத்ததா? தொகுப்பில் குறை உண்டு. சில இடங்களில் பாட்டு மூச்சு விடாமல் முழக்கமாகவே ஓடுகிறது. ஆனால் சொல்லை அசை அசையாக வெட்டி அடிக்கும்போது அதில் அடவு மாறுகிற மோளக்காரரின் கை தெரிகிறது. அதனால்தான் எடுத்துக்கொள்கிறேன்.

உறையின் கணக்கு இங்கேயும் தீரவில்லை. 2021-இல் 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் முழுக்கப் போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகை அந்தப் பாட்டைப் பெருமைப்படுத்தி அட்டை போட்டபோது அதில் அறிவின் முகம் இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அவருக்கென்று தனியாக ஒரு அட்டை வந்தது. கௌஹர் ஜான் கத்திச் சொன்னதுபோல், நாம் இன்னும் நம்ம பேரைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்காவது இடத்தைக் காலியாக விடுகிறேன். அது பறைக்கு. எம்.ஏ. வகுப்பில் தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலில் பறையைப் படித்தேன். அங்கே அது தமிழரின் தொன்மை. எங்க ஊர்ப் பக்கம் அது சாவு மோளம், அடிக்கிறவன் கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டியவன். இந்த இழிவு வேண்டாம் என்று பல ஊர்களில் நம்மவர்கள் பறையைக் கீழே வைத்தார்கள். இது எங்கள் கலை என்று திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் இளம்பெண்கள் அதைக் கையில் எடுத்தார்கள். இரண்டுமே போராட்டம். சினிமாவோ அதே அடியை எடுத்துக் 'குத்து' என்று பேர் வைத்தது. அடித்தவன் பேரைப் பெரும்பாலும் போடவில்லை. நெருப்பில் தோலைக் காய்ச்சிக் காய்ச்சி ஒரு ராத்திரி முழுக்க அடித்த பெரியவர்களின் கை எந்த நாடாவிலும் இல்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற மின்சார ரயிலில் ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடும் பார்வையற்ற கலைஞர்களுக்கும் உறை கிடையாது. தினமும் கேட்கிறோம், பேர் கேட்டதில்லை.

இதை வாசிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 1991 அம்பேத்கர் நூற்றாண்டுக் கூட்டங்களில் பாடியவர்களின் ஒலிநாடாக்கள் சில வீடுகளில் பரண்மேல் கிடக்கலாம். பூஞ்சை பிடிப்பதற்குள் எடுத்துப் பிரதி செய்யுங்கள். ஊரில் உயிரோடிருக்கிற மோளக்காரரைப் போனிலாவது பதிவு செய்யுங்கள். காசு கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் அவர் பேரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.