19 பேரில் ஒருத்தி

ஹெவி மெட்டலின் தொடக்கம் என்றால் பிளாக் சபாத். அந்தக் குழுவின் தொடக்கம் என்றால் பர்மிங்காம் தகட்டாலையில் இரு விரல்நுனிகளை இழந்த டோனி அயோமி. ஆலைப் பகுதியின் இசையை ஆணின் காயத்திலிருந்தே சொல்லிப் பழகிவிட்டோம். டோல்கேட், ராயபுரத்திலும் கானா என்றால் சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் ஆண்கள்தான். அதே வீட்டில் ஒப்பாரி வைத்தவளைப் பாடகி என்று யார் சொன்னார்கள்?

2018 ஜனவரியில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் 19 பேரில் ராயபுரத்து இசைவாணி மட்டுமே பெண். 'ஐ ஆம் சாரி ஐயப்பா'வில் அவர் குரல் கெஞ்சவில்லை. வாசலில் நின்று வாதாடுகிறது. அந்தத் தலைப்பில்தான் மன்னிப்பு இருக்கிறது, தொனியில் இல்லை. சரி, கிதாரிலும் சட்டியிலும் பறையிலும் ஏன் ஒரு பெண் கைகூட இல்லை? சாதியைக் கேட்ட மேடையிடம் இதையும் கேட்கத்தானே வேண்டும்?