ஊதா வயரில் 5 வோல்ட்

ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் ஐப்பசி மழை இடியோடு கொட்டினால், மறுநாள் சர்வீஸ் மேசைக்கு இப்படி ஒரு கணினியாவது வரும்: "சுவிட்ச் போட்டா அசையவே இல்லைங்க." நல்ல மெக்கானிக் அதைப் பார்க்கும் விதம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

முதலில் முகர்ந்து பார்ப்பார். கருகிய வாடை வந்தால், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். சப்ளை மேல் சந்தேகம் விழும். அடுத்தது மல்டிமீட்டர். பிளக் செருகியிருந்தால், கணினி அணைந்திருக்கும்போதும் ஊதா வயரில் 5 வோல்ட் நிற்க வேண்டும். நின்றால், பச்சை வயரையும் கறுப்பு வயரையும் துண்டுக் கம்பியால் இணைப்பார், ஃபேன் சுழலும். அதோடு திருப்தியடையாதவரே தேர்ந்தவர். ஃபேன் சுற்றுகிற சப்ளையிலும் 12 வோல்ட், குறைந்தபட்ச அளவான 11.4-க்குக் கீழே இறங்கியிருக்கலாம்.

அழகே இனிமேல்தான். சப்ளை பழுதென்றால் புதியதை மாட்டி, மற்றதெல்லாம் கழற்றி, மதர்போர்டில் பிராசசரையும் ஒரே ஒரு ரேமையும் மட்டும் விட்டு ஆன் செய்வார். திரை தெளிந்ததும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பார், ஒவ்வொரு முறையும் சோதித்து. எவ்வளவு பொறுமை! ஹார்ட் டிஸ்க்கைத் தனியே துணியில் வைத்திருப்பார். "உங்க ஃபைலெல்லாம் இதுலதான இருக்கு, இதைக் கடைசியா மாட்டுறேங்க" என்பார், நாம் கேட்பதற்கு முன்பே.