இசோலெட்: லென்ஸுக்கு முன் துருத்தியைப் பாருங்கள்

ஜெர்மனியின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைகளில் அக்ஃபா இசோலெட் அடிக்கடி கண்ணில் படும். 1950களில் மியூனிக்கில் தயாரான மடக்குக் கேமரா. மடித்தால் கோட்டுப் பையில் அடங்கிவிடும். 120 ரோலில் 6×6 செ.மீ. அளவில் 12 படம். சோலினார் லென்ஸ் வாய்த்துவிட்டால் எஃப்/8-இல் வரும் கூர்மை அசத்தும். வில்லங்கமெல்லாம் லென்ஸையும் கேமரா உடலையும் இணைக்கும் துருத்தியில்.

போருக்குப் பிந்தைய இசோலெட்களின் துருத்தி தோல் அல்ல, செயற்கைப் பொருள். வயதாக வயதாக விறைத்து, மடிப்பு மூலைகளில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விடும். அதே காலத்து ட்ஸைஸ் ஐகான் இகோன்டாவின் தோல் துருத்தி பெரும்பாலும் இன்றும் தாங்குகிறது. விற்பவர் "துருத்தி நல்லா இருக்கு" என்றால் பகல் வெளிச்சத்தில் பார்த்தவரை நல்லாயிருக்கிறது, அவ்வளவுதான். பின்மூடியைத் திறந்து, சின்ன எல்இடி டார்ச்சை உள்ளே விட்டு, இருட்டறையில் மூலை மூலையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பல துருத்திகள் சல்லடையாக மின்னும்.

ஏற்கெனவே ஒரு ரோல் எடுத்தாகிவிட்டதா? பசையைத் தேடும் முன் நெகடிவைப் படியுங்கள். ஒளி கசிந்த புகைமூட்டம் படச் சட்டத்துக்குள் மட்டும் நின்றால் துருத்திதான் காரணம். சட்டத்தைத் தாண்டி ஃபிலிமின் ஓரம்வரை பரவியிருந்தால் பின்மூடியையோ, தளர்வாகச் சுற்றிய ரோலையோ சந்தேகிக்கலாம். வட்டமாக, நடுவில் எண்ணின் நிழலோடு கறை விழுந்தால், படத்தின் எண்ணைப் பார்க்க உள்ள பின்பக்கச் சிவப்பு ஜன்னல்தான் காரணம். அது சிவப்பொளி உறைக்காத பழைய ஃபிலிம்களின் காலத்து ஏற்பாடு. இன்றைய ஃபிலிமுக்குச் சிவப்பும் தெரியும். ஜன்னல்மேல் கறுப்பு டேப் ஒட்டி, சுற்றும்போது மட்டும் நிழலில் தூக்கிப் பார்த்தால் போதும்.

துருத்திக்கு நான் செய்தது: கறுப்பு அக்ரிலிக் பெயின்ட்டில் துணிப் பசை கலந்து, ஓட்டைகள்மேல் மெல்லிய பூச்சு, காய்ந்தபின் இன்னொன்று. இரவு முழுக்க விரித்தே வைத்தேன். தடிமனாகப் பூசினால் மடியாது. மடித்தாலும் லென்ஸ் தட்டைச் சாய்த்து இழுக்கும். இந்த ஒட்டு நாலு மடிப்புக்குத்தான் தாங்கும் என்பதால் ரோல் முடியும்வரை கேமராவை மூடவேயில்லை. இன்னொன்று: துருத்தியைச் சட்டென்று விரித்தால் உள்ளே உறிஞ்சும் காற்று ஃபிலிமை முன்னே இழுத்துவிடும். மெதுவாகத் திறந்து, பிறகு ஃபிலிமைச் சுற்றுங்கள்.

ஃபோகஸ் வளையத்தையும் திருகிப் பாருங்கள். உள்ளேயிருக்கும் பச்சை கிரீஸ் கல்லாக இறுகியிருக்கும். பலம் காட்டினால் முன் லென்ஸோடு அடுத்த லென்ஸும் சேர்ந்து கழன்று, வளையத்தில் உள்ள தூரக் கணக்கே பொய்யாகிவிடும்.

ஆக, என் தீர்ப்பு உங்கள் இசோலெட்டில் எந்த லென்ஸ் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சோலினார் என்றால் புதுத் தோல் துருத்திக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம். அபோடார் என்றால் விலையைக் கேட்டு யோசியுங்கள். அக்னார் என்றால் பெயின்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.